மெழுகுக் கட்டிக்காக மூன்று முறை கோவை

புற்றுநோய் டிரயல், அதாவது நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு என்றால் சென்னைக்கோ வேலூருக்கோதான் ஓட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பழனியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது என்றதும் சந்தேகம்தான் வந்தது. டிரயலின் சிடிஆர்ஐ எண்ணை (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்) கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பதிவேட்டில் தேடினேன். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் நடக்கும் டிரயல்களுக்குப் பதிவு கட்டாயம். ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எல்லாம் இருந்தது. முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். எண் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை), நுரையீரல் வரை போய்விட்டது. டிரயலில் கீமோ எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு பாதிப் பேருக்கு அந்த ஹெர்2-வைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் என்ற அசல் மருந்து, மறு பாதிக்கு அதன் பயோசிமிலர், அதாவது அதைப் போலவே தயாரித்த இன்னொரு மருந்து. யாருக்கு எது ஏறுகிறது என்று டாக்டருக்கே தெரியாது. "சோதனை எலி ஆக்கப் போறாங்க" என்று சித்தப்பா குதித்தார். அவரைச் சமாளித்ததுகூடச் சுலபம்.

சேர்வதற்கான ரத்தப் பரிசோதனை, எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மாட்டிக்கொண்டது பிளாக்கில். பயாப்சி செய்த துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களே, அது. ஹெர்2 முடிவை டிரயலின் மைய லேப் மறுபடி பார்த்தால்தான் சேர்ப்பார்களாம். பிளாக் இருந்தது கோவையில், முதலில் பயாப்சி செய்த இடத்தில்.

முதல் தடவை போனபோது, பிளாக் கேட்டு டிரஸ்ட் ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தில் பயாப்சி எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ரிப்போர்ட்டே கையில் இருக்கிறது, அதில் எண் இருக்கிறது என்றேன். "கடிதத்துல இருக்கணும் சார்." போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

இரண்டாவது தடவை எல்லாம் சரி. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார்கள். வென்றுவிட்ட நினைப்பில் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரயல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் பெண் அதிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இளஞ்சிவப்பாக இருந்தது. "அண்ணா, இது சாயம் ஏத்தின ஸ்லைடு. எங்களுக்குப் பிளாக் வேணும், இல்லாட்டி சாயம் ஏத்தாத ஸ்லைடு." அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை கிளம்புவதற்கு முன் போன் போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கவுண்டரில் அதே ஆள். "பிளாக் வெளிய போகாது சார், ஸ்லைடுதான்." அன்று மட்டும் நான் நகரவில்லை. கடிதத்தில் 'பிளாக்' என்று எழுதியிருந்த வரியைக் காட்டி, பேத்தாலஜி டாக்டரையே பார்க்க வேண்டும் என்று நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார், இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் நான்கு பிளாக். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதி அங்கேயே இருக்கிறது என்று ரசீதில் எழுதச் சொன்னேன். நீங்களும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். மே மாத வெயில் வேறு. மெழுகு இளகிவிடும், ஜன்னலோரம் வைக்காதீர்கள் என்று கோஆர்டினேட்டர் முன்பே சொல்லியிருந்தார். டிபன் பையில் துணி சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் வில்லை, ஓரத்தில் பென்சிலில் எண். இதற்குத்தான் இத்தனை பாடு.

இந்த அலைச்சலில் டிரயலில் சேர 28 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டிய சிடி ஸ்கேன் பழசாகிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. டிரயல் கணக்கிலேயே எடுத்தார்கள், நல்லவேளை. பிளாக் கைக்கு வந்த பிறகு ஸ்கேனுக்கு நாள் குறிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒப்புதல் படிவத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழில்தான் கொடுத்தார்கள், ஆனால் 'எழுமாற்று ஒதுக்கீடு' என்ற தமிழ் அம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் புரியவில்லை. "சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரிங்க அம்மா" என்று கோஆர்டினேட்டர் சொன்னதும் தெளிந்துவிட்டது. நாமினி பெயர் கேட்ட இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப செத்துப் போவேன்னு இவங்களுக்கே தெரியுமா?" டிரயலால் உயிருக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக எல்லோரிடமும் கேட்பது அது. முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். வருட வருமானம் என்ற இடத்தில் "ஜாக்கெட் தைக்கிறதைப் போடலாமா?" என்று கேட்டார். போட்டோம். கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி நமக்குத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பஸ் செலவைத் திருப்பித் தருகிறார்கள், டிக்கெட் வேண்டும். அம்மா பஸ் ஸ்டாண்டு வரை டவுன் பஸ்ஸில் வந்த மகளிர் இலவச டிக்கெட்டையும் பத்திரமாக எடுத்து நீட்ட, கோஆர்டினேட்டர் சிரித்துவிட்டார்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு டோஸ், மூன்று முடிந்திருக்கிறது. பிளாக் இன்னும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு முறை ஊசி ஏறும்போதும் அம்மா மறக்காமல் கேட்கிறார்: "என்னோட மெழுகு வந்துடுச்சா கண்ணு?"