விட்ட கிட்டாரை மீண்டும் எடுப்பவர்கள் ஏன் அடிப்படைக்குப் போக வேண்டும்?

கல்லூரியில் வாசித்துவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று கிட்டாரைப் பரணில் போட்டவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர் உண்டு. மறுபடி கையில் எடுத்ததும் அவர்கள் கேட்பது: "விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாமா?" நடுவயதில் திரும்பி வந்து லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் கிளாசிக்கல் கிட்டார் கிரேடு (நிலை) தேர்வுக்கு வாசித்தவன் என்ற முறையில் என் பதில், கூடாது.

காரணம் விரல் மறந்துபோனது மட்டுமல்ல. இத்தனை வருடம் பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது வளர்ந்துவிட்டது, விரல் அங்கேயே நிற்கிறது. புதிதாகக் கற்பவருக்குத் தன் பிசிறு காதில் விழாது, உங்களுக்கு விழும். விழுந்ததும் அதை மறைக்கக் கை குறுக்குவழி தேடும். தந்தியை இன்னும் பலமாக அழுத்தும், வேகமாக அடித்து ஒப்பேற்றும். அடிப்படைக்குத் திரும்புவது இந்தக் குறுக்குவழிகளை அடைப்பதற்குத்தான்.

தேர்வின் மதிப்பெண்ணும் இதையே சொல்கிறது. மொத்தம் 100. மூன்று பாடல்களுக்கு 66, ஸ்கேல் (சுர வரிசை), ஆர்பெஜியோ (சுரக்கூட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிப்பது) வகைக்கு 14, பார்த்து வாசித்தல், கேட்டுச் சொல்லுதல் போன்ற துணைத் தேர்வுகள் இரண்டுக்கு 20. ஸ்கேலுக்கு 14தானே என்று நினைப்பவர்கள் பாடலுக்குள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடலின் 22-லும் சுரம் பிசகாமல் தங்குதடையின்றி வாசிப்பதற்கு 7, கைத்திறனுக்கு 7. நாம் 'ஃபீல்' என்று பெருமைப்படுவதற்கு மிச்சம் 8தான். தேர்ச்சிக்கு 60 வேண்டும்.

முதலில் கருவி. பரண் வெக்கையில் கிடந்து கழுத்து வளைந்திருக்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) தந்தி மிகவும் உயர்ந்து நின்றால் யார் வாசித்தாலும் விரல் வலிக்கும். அதைச் சரிசெய்யாமல் பயிற்சி செய்வது வீண். தந்திகளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். தேர்வுக்கு நைலான் தந்திக் கிட்டார்தான், ஸ்டீலில் பழகியவர்களுக்குக் கழுத்து அகலமாகத் தெரியும்.

இடது கை: ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். நடுவில் அழுத்திப் பழகியவர்கள்தான் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டை (கார்டு என்றால் பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) கண்டு பயப்படுகிறார்கள். கட்டைவிரல் கழுத்தின் மேலே எட்டிப் பார்க்காமல் பின்னால் இருக்கட்டும். ஒரு கார்டைப் பிடித்து ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள், எது மங்குகிறது என்று உடனே தெரியும். வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி வர வேண்டும். பிக் (தந்தியை மீட்டும் சின்னத் துண்டு) பிடித்தே பழகியவர்களுக்கு இதுதான் பெரிய வேலை, இங்கேதான் அதிக நேரம் போகும்.

தாளத்தை டிக் டிக்கென்று எண்ணிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏன் தம்பி, பாட்டே வராதா, டிக் டிக்குன்னு ஒரே சத்தமா இருக்கு?" என்றார்கள். வீணைக்குப் பேர்போன காரைக்குடி சகோதரர்களின் ஊர் இது. கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில் (வேகத்தில்) சாதகம் செய்வது இங்கே யாருக்கும் புதிதல்ல, கிட்டாருக்கு மட்டும் ஏன் வெட்கம்?

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீட்டின் வளவிலும் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) பட்டாலையிலும் (பெரிய கூடம்) உட்கார்ந்து பயிற்சி செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பளபளவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாம் எதிரொலித்து உங்கள் வாசிப்பைக் கச்சேரியாக்கிக் காட்டும். மங்கிய சுரமும் நல்ல சுரமாகக் கேட்கும். மெத்தை, துணி அலமாரி இருக்கும் சின்ன அறைதான் உண்மையைச் சொல்லும். பட்டாலையை விருந்தாளி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிரேடுகளை வரிசையாக எழுத வேண்டிய கட்டாயமில்லை, வயது வரம்பும் இல்லை. பழைய நினைப்பில் உயர்ந்த கிரேடுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பாடத்திட்டத்தை எடுத்து ஸ்கேல் பகுதியை மட்டும் முதலில் வாசித்துப் பாருங்கள். எந்த கிரேடின் ஸ்கேல் மெட்ரோனோமோடு தடுக்காமல் வருகிறதோ அதற்குப் பதிவு செய்யுங்கள்; பாடல்களைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.