வேலிக்கு இந்தப் பக்கம்: ஒரு காரோட்ட சீசனின் நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 14, ஞாயிறு, பண்டாரவளை

புத்தாண்டுக்காக நான் வேலை பார்க்கும் கராஜ் பூட்டியிருக்கிறது. டவுனில் யாரைப் பார்த்தாலும் அடுத்த ஞாயிறு தியத்தலாவையில் நடக்கப்போகும் பொக்ஸ்ஹில் காரோட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சில ஆண்டுகள் நடக்காமல் இருந்தது திரும்ப வருவதால் எல்லோருக்கும் அவ்வளவு ஆசை. மலையகத்தில் சித்திரை பிறந்தால் நுவரெலியா சீசன், கூடவே காரோட்டம். அங்கே மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று அதைப் பார்த்த கதையை அப்பா இன்றும் சொல்வார்.

போன மாதம் ஒரு பழைய போர்ட் லேசர் காருக்கு ரோல் கேஜ், அதாவது உள்ளே இருப்பவனைக் காக்கும் இரும்புக் கூடு, வெல்ட் பண்ணினேன். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோனதால் ஓட்டக்காரர்கள் இந்தப் பழைய உடம்புகளைத்தான் திரும்பத் திரும்பத் தட்டி நிமிர்த்துகிறார்கள். காரோட்டத்தின் உலகச் சம்மேளனமான எஃப்ஐஏ-வின் விதிப்படி, கேஜில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவு குறைந்தது 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் (அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும்) உள்ள, மூட்டில்லாத உருக்குக் குழாயாக இருக்க வேண்டும். அளவுமானி வைத்துப் பார்த்துத்தான் குழாயை வாங்கினேன். கார் உருண்டால் உள்ளே இருப்பவன் எழுந்து நடந்து வர வேண்டும் அல்லவா.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவசர வேலையாக ஒரு வேன் வந்ததால் நான் தியத்தலாவைக்குப் போகவில்லை. பக்கத்து லயத்துத் தம்பி சிநேகிதர்களோடு போயிருந்தான். மாலையில் வரிசையாக போன் வந்தது. ஒரு கார் தடத்தை விட்டு விலகி, பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் பாய்ந்துவிட்டது. 7 பேர் இறந்துவிட்டார்கள். அதில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி. ஓட்டப் பணியாளர்களும் இறந்திருக்கிறார்கள். காயப்பட்டவர்கள் 20 பேருக்கும் மேல்.

தம்பி இரவு வீடு வந்து சேர்ந்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எதைத் தேடுகிறேன் என்று அம்மா கேட்டார். முதலில் ஒரு கார் கவிழ்ந்து கிடக்கிறது. பணியாளர்கள் மஞ்சள் சைகை காட்டுகிறார்கள். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே என்று பொருள். அதற்குப் பிறகும் இன்னொரு கார் கட்டுப்பாடு இழந்து வருகிறது.

ஓட்டுநரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். என் மனம் வேறு இடத்தில் நிற்கிறது. காருக்குள் இருப்பவனுக்குக் கேஜ், பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு, அதைச் சரிபார்க்க ஒரு ஆள். வெளியே கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு என்ன அளவு? எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கத்து வளைவில், எதற்குப் பின்னால் நிற்க வேண்டும்? ஓட்டத்தையே தடை செய்யச் சொல்கிறார்கள் சிலர். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 1955 ஜூன் 11இல் பிரான்சின் லே மான்சில் ஒரு மெர்சிடீஸ் மண் அணையில் மோதிச் சிதறி, 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து சுற்றுத்தட ஓட்டங்களையே பல பத்தாண்டுகள் தடை செய்தது. லே மான்சிலோ அணையையும் பார்வையாளர் மேடையையும் இடித்து, தள்ளிக் கட்டி, அடுத்த ஆண்டே ஓடினார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் சரியாகப் படுகிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று இங்கிலாந்தின் டொனிங்டன் தடத்தில் பிரிட்டிஷ் டூரிங் கார் சீசன் தொடங்கியது. அக்டோபர் வரை 10 வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் 3 ஓட்டங்கள், மொத்தம் 30. ஒவ்வொரு ஆண்டும் கைபேசியில் பின்தொடர்கிறேன். பார்ப்பதற்கு நம் கராஜுக்கு வரும் கார்கள்தான்: கொரோல்லா, ஹூண்டாய் ஐ30, போர்ட் போக்கஸ், பிஎம்டபிள்யூ. உள்ளே 2 லீற்றர் டர்போ எஞ்சின். பம்பரோடு பம்பர் உரசி ஓடுவார்கள். போன ஆண்டு ஆஷ் சட்டன் நான்காவது முறையாகப் பட்டம் வென்றார்.

இந்த ஆண்டு என் கண் கார் மேல் நிற்கவில்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் சரளைக்கல் பரப்பு, அதற்கப்பால் டயர் சுவர், அதற்கும் அப்பால் இரும்புத் தடுப்பு, கம்பி வேலி, அப்புறம்தான் சனம். ஒரு காரை நிறுத்த இத்தனை அடுக்கு. ஆரஞ்சு உடுப்போடு கொடி பிடிப்பவர்கள் எல்லோரும் தொண்டர்கள். அவர்களும் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலை பார்த்தவர்களும் இறந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மே 26, ஞாயிறு

இன்று பிரிட்டிஷ் ஓட்டம் ஸ்நெட்டர்ட்டன் தடத்தில். வெசாக் கூடுகள் டவுனில் இன்னும் தொங்குகின்றன, மழையில் பாதி கிழிந்துவிட்டன.

ஸ்நெட்டர்ட்டன், திரக்ஸ்டன், குரொஃப்ட், சில்வர்ஸ்டன் எல்லாமே போர்க்கால விமானத்தளங்கள். சமதரை, சுற்றிலும் வெறும் நிலம். நம் நாட்டிலும் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையில் ஓடியிருக்கிறார்கள். மலையில் அப்படிப்பட்ட இடத்துக்கு எங்கே போவது? இங்கே ஒரு பக்கம் மண்சரிவு, மறுபக்கம் பள்ளம். நடுவில் கிடைக்கும் கொஞ்ச இடத்தில் காரும் சனமும்.

ஜூன் 9, ஞாயிறு

திரக்ஸ்டன். பிரிட்டனிலேயே அதிவேகமான தடம். ரப்பரைத் தின்றுவிடும். மழையால் இங்கே மின்சாரம் போய்ப் போய் வந்தது, முடிவை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். நொக்ஹில், ஸ்கொட்லாந்து. மலைச்சரிவில் கட்டிய தடம், சுமார் 2 கிலோமீற்றர்தான். ஏறி இறங்கி, மேட்டைத் தாண்டும்போது என்ன இருக்கிறது என்றே தெரியாத வளைவுகள். தடம் ஒடுக்கம். தடத்தின் ஓரக் கல்வரம்பில் ஏறினால் கார் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. பார்க்கும்போது நம் பக்கத்துத் தோட்டப் பாதை மாதிரியே இருந்தது.

தம்பியையும் கூட உட்காரவைத்தேன். ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் அவன் காரோட்டம் பார்க்கிறான். முதல் ஓட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதில் காணொளியை நிறுத்தச் சொல்லி, திரையில் விரல் வைத்துக் காட்டினான். “அண்ணே, சனம் எல்லாம் மேலே இருக்கு. கார் கீழே ஓடுது.”

அவன் சொன்னது சரிதான். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ஆனால் கூட்டம் அதிகமாக உள்ள மேடுகள் தடத்தை விட உயரத்தில் இருக்கின்றன. விலகும் கார் மேட்டில் ஏற வேண்டும். ஏறும்போது வேகம் சாகும். மலை நமக்குத் தடை என்று மே மாதத்தில் எழுதியிருந்தேன். சரிவான நிலம் பார்வையாளர்களை உயரத்தில் வைக்கவும் உதவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வளைவின் உட்பக்கத்து மேட்டில் ஆட்களை ஏற்றி, வெளிப்பக்கத்தை அடியோடு காலியாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்குக் காசு வேண்டாம், கயிறும் கண்டிப்பான ஆட்களும் போதும். மீதிப் பாதிக்குத் தடுப்பு வேண்டும்.

இரவு பதினொரு மணி வரை பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் வளைவுகள் வரைந்துகொண்டிருந்தோம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நேற்று ஜனாதிபதித் தேர்தல். இரவு ஊரடங்கு, இன்று நண்பகல் வரை நீட்டினார்கள். வீடு முழுக்க வானொலிச் சத்தம். இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது இதுவே முதல் முறையாம். மாலையில் அநுர குமார திசாநாயக்க வென்றதாக அறிவித்தார்கள். அதற்கு நடுவில் சில்வர்ஸ்டனையும் பார்த்தேன். இந்த சீசனில் புள்ளிப்பட்டியலில் முன்னால் இருப்பவருக்கு ஹைபிரிட் உந்துசக்தி (எஞ்சினுக்குத் துணையான மின்மோட்டார் வேகம்) குறைவாகவும் பின்னால் இருப்பவருக்கு அதிகமாகவும் கொடுக்கிறார்கள். அதனால்தான் கடைசி வரை யாரும் தனியாக ஓடிவிட முடியவில்லை. ஜேக் ஹில், டொம் இங்ராம் இருவருக்கும் நடுவில் இழுபறி.

ஒக்டோபர் 6, ஞாயிறு

பிரான்ட்ஸ் ஹட்ச், நீளமான தடம். முதல் வளைவே செங்குத்தாகக் கீழே விழும். பட்டம் யாருக்கு என்பது சீசனின் கடைசி ஓட்டம் வரை போனது. பின்சக்கர இழுவை பிஎம்டபிள்யூவில் ஹில், முன்சக்கர இழுவை ஹூண்டாயில் இங்ராம். ஹில் பட்டத்தைப் பிடித்துவிட்டார், அவருடைய முதல் பட்டம். நானும் தம்பியும் கத்தியதில் அம்மா எழுந்து வந்துவிட்டார். ஒரு வெற்றிக்கு 20 புள்ளி, பதினைந்தாவதாக வருபவனுக்கு 1. அந்த ஒன்றுக்காகப் பின்னால் மூன்று கார்கள் அடிபட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க வேண்டும்! இதனால்தான் எனக்கு இந்த ஓட்டம் இவ்வளவு பிடிக்கும்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

கராஜுக்குப் பின்னால் குவிந்து கிடந்த பழைய டயர்களை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். டெங்குக்காகச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சத்தம் போடுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு போ என்றார். டயரைச் சும்மா அடுக்கினால் மோதியதும் பறந்து அதுவே ஆளைக் கொல்லும். ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கார் டயருக்குள் புதைந்து மாட்டாமல் வழுக்கிப் போக, முகப்பில் கன்வேயர் பெல்ட் ரப்பர். கல் குவாரியில் தேய்ந்துபோன துண்டு ஒன்று கிடைத்தது. மழைத்தண்ணீர் தேங்காமல் ஒவ்வொரு டயரின் அடியிலும் துளை போட்டோம்.

இப்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் நிற்கிறது. அடுத்த ஞாயிறு கழித்துப்போட்ட ஒரு வேனைச் சரிவிலிருந்து, ஆள் இல்லாமல், கயிறு கட்டி மெதுவாக அதில் விட்டுப் பார்க்கப்போகிறோம். எந்த போல்ட் முதலில் பிய்கிறது என்று தம்பி படம் எடுப்பான். படத்தையும் அளவுகளையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இங்கே ஓட்டம் நடத்துகிறவர்களுக்கு அனுப்ப முதலாளி ஒத்துக்கொண்டார். சிங்களக் கடிதத்தை அவரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.