ஆயில் கூலருக்கு ஹோஸ் பூட்டுவது

என்னிடம் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அங்கே விடாமல் சுற்றினால் ஆயில் மீட்டர் 130 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் ஆயில் இளகி பிரஷர் இறங்கும், பேரிங் தாங்காது. அதனால் ஆயில் கூலர், அதாவது ஆயிலை ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர், போட்டேன். கூலரை முன்னால் மாட்டுவது எளிது. அதற்குப் போய் வரும் இரண்டு ஹோஸ்களில்தான் வேலை இருக்கிறது.

ஹைட்ராலிக் கடையில் கொடுத்தால் கிரிம்ப் செய்து, அதாவது ஃபிட்டிங்கை ஹோஸோடு நிரந்தரமாக நசுக்கிப் பிடிக்கவைத்து, தந்துவிடுவார்கள். எனக்குக் கழற்றி மாட்டக்கூடிய ஏஎன் (ஆர்மி-நேவி என்ற அமெரிக்க அளவுமுறை) ஃபிட்டிங்தான் பிடிக்கும். நீளம் கூடினால் கழற்றி, வெட்டி, மறுபடி பூட்டலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஏஎன் எண் என்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நான் போட்டது பத்தாம் எண், அதாவது 5/8 அங்குலக் குழாய்க்கானது. மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14. இதில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் 37 டிகிரி கோன். உலோகத்தோடு உலோகம் உட்கார வேண்டும். அங்கே டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது, பிய்ந்த துணுக்கு ஆயிலோடு போய்விடும். கூலரில் என்ன மரை என்று வாங்கும்போதே கேளுங்கள். மோக்கால் நிறுவனக் கூலர்களில் பெரும்பாலும் அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), செட்ராப் நிறுவனத்தில் எம்22 (22 மி.மீ. மெட்ரிக் மரை). இரண்டுக்கும் ஏஎன் அடாப்டர் தேவை. ஃபில்டர் பக்கம் ஹோண்டாவுக்கு எம்20, 1.5 பிட்ச் சாண்ட்விச் பிளேட், இன்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே நின்று ஆயிலைக் கூலருக்குத் திருப்புவது. தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டாக வாங்கினேன், காலையில் ஆயில் சீக்கிரம் சூடேறட்டும் என்று.

நீளத்தை டேப் வைத்து அளக்காதீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் ஒன்றை, ஹோஸ் போகும் வழியிலேயே வளைத்துப் பாருங்கள். சிட்டியில் ஃபில்டர் இன்ஜினுக்குப் பின்னால், எக்ஸாஸ்ட் முன்னால். ஆகவே சுற்றிக்கொண்டு வர வேண்டும், எக்ஸாஸ்டை நெருங்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மவுண்டில் சாயும், அதற்கும் சற்றுத் தளர்வு விடுங்கள்.

இனி வெட்டு. ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்றால் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கி மூன்று நான்கு சுற்று சுற்றி, டேப்பின் நடுவிலேயே வெட்ட வேண்டும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்சா பிளேடு போதும். பின்னல் கம்பி ஒன்று விரிந்தாலும் ஹோஸ் சாக்கெட்டுக்குள், அதாவது ஃபிட்டிங்கின் வெளி உறைக்குள், போகாது, விரலையும் கிழித்துவிடும். வெட்டிய முகம் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பேன். சாய்ந்திருந்தால் அந்தத் துண்டைத் திரும்ப வெட்டுவேன், மனசு கேட்காது.

வைஸில் அலுமினியத் தாடை போட்டு சாக்கெட்டைப் பிடித்து, ஹோஸை அழுத்தித் திருகி உள்ளே ஏற்றுங்கள், உள் மரை தொடங்குவதற்குச் சற்று முன் நிற்கும்வரை. சாக்கெட் வாய் முடியும் இடத்தில் ஹோஸின் மேல் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். நிப்பிளுக்கு, அதாவது ஹோஸுக்குள் போகும் ஃபிட்டிங்கின் மறுபாதிக்கு, இன்ஜின் ஆயில் தடவி, ஹோஸை ஒரு கையால் உள்ளே தள்ளிப் பிடித்தபடியே முறுக்குங்கள். சாக்கெட்டுக்கும் நிப்பிளின் அறுகோணத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி வந்ததும் நிறுத்தலாம். அப்புறம் குறியைப் பாருங்கள். டேப் சாக்கெட்டை விட்டு விலகியிருந்தால் ஹோஸ் பின்வாங்கிவிட்டது என்று அர்த்தம். அது பிரஷரில் கழன்று வரும். ஒரு நண்பரின் வண்டியில் அப்படிக் கழன்று, டிராக் முழுக்க ஆயில் கொட்டி, பின்னால் வந்தவர் சுழன்று போனதைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை யாருக்கும் அடி இல்லை. அதற்குப் பிறகு குறி வைக்காத ஹோஸை நான் எந்த வண்டியிலும் மாட்ட விடுவதில்லை.

ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங் வேறு, பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) ஹோஸுக்கானது வேறு. கலந்து பூட்டாதீர்கள்.

பூட்டும் முன்னும் பின்னும் பிரேக் கிளீனர் ஊற்றி, கம்ப்ரெஸர் காற்றால் ஊதி, வெள்ளைத் துணியில் பிசிறு விழவில்லை என்று ஆகும்வரை கழுவுவேன். ஃபில்டர்தான் இருக்கிறதே என்பார்கள். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கையில் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்தால் அந்தத் துகள் நேரே பேரிங்குக்குப் போகும். கழுவி முடித்ததும் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் 6 பார் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

வண்டியில் மாட்டியதும் ரப்பர் வைத்த கிளாம்ப் கட்டாயம். ஸ்டீல் பின்னல் உரசும் இடத்தையெல்லாம் அரம் போல அராவிவிடும், ரேடியேட்டர் ஆனாலும் ஒயரிங் ஆனாலும். முதல் முறை ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஃப்யூஸை மாட்டிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கூலரும் ஹோஸும் குடித்த அளவு ஆயில் ஊற்றுங்கள். ஒருமுறை சூடாகி ஆறியதும் எல்லா இணைப்பையும், டேப் குறியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கோவைப் பக்கம் யாராவது முதல் ஹோஸ் பூட்டப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். அலுமினியத் தாடையும் ஏஎன் ஸ்பேனரும் தருகிறேன்.