காரை எங்கே விடுவது?

சென்னையில், வெளிநாட்டுப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். குழுவோடு பஸ்ஸில் ஏறி இறங்கப் பிடிக்காத குடும்பங்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் வருவார்கள். அதிகம் கேட்கப்படுவது பிரான்ஸும் இத்தாலியும் சேர்ந்த பயணம். பாரிஸ், நீஸ், பிளாரன்ஸ், ரோம் என்று ஊர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து உட்காருவார்கள். நான் ஊர்களுக்குள் உடனே போவதில்லை. கார் எடுக்கும் எண்ணம் இருக்கிறதா, இருந்தால் அதை எந்த ஊரில் திருப்பி விடுவதாக உத்தேசம் என்றுதான் முதலில் கேட்பேன். மற்ற எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

பிரான்ஸில் எடுத்த வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு இத்தாலிக்குள் போவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. சில விலையுயர்ந்த வண்டிகளுக்கு மட்டும் தடை இருக்கும். ஆனால் அந்தக் காரை இத்தாலியிலேயே விட்டுவிட்டு வந்தால், பிரெஞ்சு நம்பர் பிளேட் வண்டியை வாடகை நிறுவனம் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதற்கான கட்டணம் சில நூறு யூரோ வரை போகும். பல குடும்பங்களுக்கு அது நான்கு பேருடைய ரயில் டிக்கெட்டை விட அதிகம். அதனால் நான் வைத்திருக்கும் வழி இதுதான்: கார் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் தனித்தனியாக, எல்லையைத் தாண்டுவது ரயிலில்.

பாரிஸிலிருந்து நீஸுக்கு டிஜிவி என்னும் அதிவேக ரயிலில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். நீஸில் காரை எடுத்து வெர்டோன் பள்ளத்தாக்கு, சான் போல் த வான்ஸ் என்று மலைப்பக்கம் சுற்றிவிட்டு நீஸிலேயே விட்டுவிடலாம். அப்புறம் ரயில். இந்த இடத்தில்தான் பலர் தயங்குவார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவி, மகனோடு வந்திருந்தார். “ஏம்மா, கையில கார் இருக்கும்போது பார்டர் தாண்ட மட்டும் எதுக்கு ரயிலு? நேரா ஹைவேதானே?” என்றார்.

வரைபடத்தைத் திறந்து காட்டினேன். பிரான்ஸின் ஏ8 சாலைதான் எல்லைக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் ஏ10 ஆகிறது. அந்தச் சாலை கடலுக்கு மேலே மலைச்சரிவில், சுரங்கத்துக்குள் நுழைந்து பாலத்தில் வெளிவந்து மறுபடி சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். ரயில் பாதை கீழே, மொனாக்கோ, மாந்தோன் வழியாகக் கடலை ஒட்டிப் போகும். “சார், தம்பி ஓட்டிட்டு வந்தா அவரு ரோட்டைத்தான் பார்க்கணும். ரயில்ல மூணு பேருமே கடலைப் பார்க்கலாம்” என்றேன். அந்த அம்மா உடனே ரயிலுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

நீஸில் கிளம்பும் அந்த உள்ளூர் ரயில் சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லையைத் தாண்டி முதல் இத்தாலிய ஊரான வென்டிமிலியாவோடு நின்றுவிடும். இரண்டு நாட்டு ரயில் பாதைகளுக்கும் மின்சார முறையே வேறு. அங்கே இறங்கி ஜெனோவா, மிலன் பக்கம் போகும் இத்தாலிய ரயிலைப் பிடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது ரயில் காத்திருக்காது, பணமும் போகும். அதனால் நடுவில் ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் போடுவேன். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கூடுதலாக. அன்று வென்டிமிலியாவில் பெரிய சந்தை, பிரான்ஸிலிருந்து மக்கள் பையோடு கிளம்பி வருவார்கள், பெட்டிகளை வைக்க இடமிருக்காது. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு வேறொரு விஷயம்: 2015 முதல் பிரெஞ்சு போலீஸ் மாந்தோன் கரவான் நிலையத்தில் ரயிலில் ஏறிச் சோதிக்கிறார்கள். ஷெங்கன் எல்லைதானே, ஒரே விசாவில் பொதுவாகச் சோதனையில்லாமல் தாண்டும் ஐரோப்பிய எல்லைதானே என்று பாஸ்போர்ட்டைச் சூட்கேஸின் அடியில் போட்டுவிடக் கூடாது.

எங்கள் தொழிலில் மறக்க முடியாத நாள் 2023 ஆகஸ்ட் 27. பிரான்ஸின் மோரியன் பள்ளத்தாக்கில் பாறை சரிந்து பாரிஸ்–மிலன் நேரடி ரயில்கள் அத்தனையும் நின்றுபோயின. 1871-இல் திறந்த ஃபிரேஜுஸ் சுரங்கம் வழியாகப் போகும் பாதை அது. செப்டம்பரில் கிளம்ப வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். முழங்கால் வலிக்காக விமான நிலைய நடையையெல்லாம் தவிர்த்து, ரயிலையே நம்பி இருந்த பாட்டி ஒருவரும் அதில் உண்டு. பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்கு 3 மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து மிலனுக்குச் சுமார் 4 மணி நேரம் என்று மாற்றிப் போட்டோம். ஸ்விட்சர்லாந்தும் ஷெங்கன்தான் என்பதால் விசா கவலை இல்லை. பாதை மறுபடி திறந்தது 2025 மார்ச் 31. ஒரு பாறைச்சரிவு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இரண்டு நாட்டு ரயிலை நிறுத்தி வைத்ததைப் பார்த்தபின், நேரடி ரயில் போடும் எந்தத் திட்டத்திலும் மாற்று வழி ஒன்றையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கிறேன். இத்தாலியில் வேலைநிறுத்தம் வந்தால் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்கள் உறுதியாக ஓடும் என்பதும் அந்தத் தாளில் இருக்கும்.

இத்தாலிக்குள் கார் வேண்டுமென்றால் பிளாரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனிக்குத்தான் நான் சொல்வேன். திராட்சைத் தோட்டங்களும் குன்றின்மேல் ஊர்களும் ரயிலுக்கு எட்டாதவை. சிங்க்வே தெர்ரே என்னும் ஐந்து கடலோர ஊர்களுக்குக் கார் வேண்டவே வேண்டாம், அங்கே ரயில்தான் ராஜா. பிளாரன்ஸில் காரை ஊருக்குள் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுக்கச் சொல்வேன். காரணம், பழைய நகரம் முழுக்க ‘ஸெட்-டி-எல்’ என்னும், அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத கட்டுப்பாட்டுப் பகுதி. சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை, பக்கத்திலேயே கேமரா. தடுப்போ போலீஸோ இருக்காது, யாரும் நிறுத்தவும் மாட்டார்கள். தாங்களாகவே திட்டம் போட்டுப் போன ஒரு குடும்பம், ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் ஆனபிறகு எங்களிடம் வந்தது. ஓட்டுநர் விவரத்தைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் ஏற்கெனவே கார்டில் ஒரு கட்டணம் எடுத்திருந்தது. அபராத நோட்டீஸ் அதற்கப்புறம் தபாலில் வந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப இத்தாலிய அதிகாரிகளுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. ஜிபிஎஸ் காட்டிய வழியில்தான் போனோம் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஜிபிஎஸ் காட்டியது என்பதால் அபராதம் குறையாது.

வங்கி சாரின் பயணத்துக்கு வருகிறேன். மகன்தான் ஓட்டுவதாக இருந்தது. ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியாயிற்று, ஓராண்டு செல்லும். ஆனால் எல்லா முன்பதிவும் அப்பாவின் கிரெடிட் கார்டில். நம் வீடுகளில் இது சகஜம், அங்கே கவுன்டரில் சகஜம் இல்லை. முதன்மை ஓட்டுநர் யாரோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். “என் பையனுக்கு நான்தானே கட்டறேன்?” என்று சார் வருத்தப்பட்டார். மகனுக்குப் புதிய கார்டு வரும்வரை கார் முன்பதிவைத் தள்ளி வைத்தோம். அவர்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமையில் வாடகை அலுவலகம் மூடியிருக்கும் என்று தெரிந்ததும், பாரிஸில் ஓர் இரவைக் குறைத்து நீஸுக்கு வெள்ளியன்றே போய், சனிக்கிழமை காலை கார் எடுப்பதாக மாற்றினோம். மதியச் சாப்பாட்டுக்கு கவுன்டரைப் பூட்டிவிடக்கூடும் என்பதால் 11 மணிக்குள் போய்விடச் சொல்லி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.