வளையம் வந்தால் போதாது: ஃபைபர் லேசரில் ஆரத்திசைக் கற்றை எடுத்த கதை

கேமராவில் லேசர் கற்றை நடு இருண்ட வளையமாகத் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் பாதி வேலையே இருந்தது.

எங்களுக்கு வேண்டியது ஆரத்திசைத் தளவிளைவு. (தளவிளைவு என்பது ஒளியின் மின்புலம் அதிரும் திசை.) சக்கரத்தின் ஆரக்கால்கள்போல, கற்றையின் ஒவ்வொரு புள்ளியிலும் மின்புலம் மையத்திலிருந்து வெளிநோக்கி அதிர வேண்டும். மையத்தில் மட்டும் எந்தத் திசையைத் தேர்வது? எதையும் தேர முடியாததால் அங்கே செறிவு சுழியாகிறது, வளையம் கிடைக்கிறது. இதை நல்ல லென்ஸால் இறுக்கிக் குவித்தால், நேர்கோட்டுத் தளவிளைவு ஒளியைவிடச் சிறிய புள்ளி கிடைக்கும் என்று 2003-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் குழு அளந்து காட்டியது. எங்கள் நுண்ணோக்கிக்கு அந்தச் சிறிய புள்ளிதான் தேவை.

சாதாரண லேசருக்கு வெளியே ஒரு மாற்றித் தகட்டை வைத்தாலும் இப்படிக் கற்றை கிடைக்கும். ஆனால் ஃபைபருக்குள்ளேயே உருவாக்கினால் வெளியில் சீரமைப்புத் தொல்லை குறைவு. அதனால் ஆற்றல் ஊட்ட 976 நானோமீட்டர் பம்ப் ஒளி, இட்டெர்பியம் கலந்த ஃபைபர், 1064 நானோமீட்டருக்கு அருகில் லேசர் என்று முடிவு செய்தோம்.

வெளியீட்டுப் பக்கத்துக்குச் சிறப்பு ஃபைபர் எதுவும் வாங்கவில்லை. மோடு என்பது ஃபைபருக்குள் ஒளி பரவக்கூடிய ஒரு வடிவம். தொலைத்தொடர்பில் ஓடும் சாதாரண ஒற்றை மோடு ஃபைபர் 1550 நானோமீட்டரில் ஒற்றை மோடு, ஆனால் குறுகிய அலைநீளத்தில் அப்படி இல்லை. அதன் கோர், அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் 8.2 மைக்ரான், ஒளியை ஏற்கும் கோணத்தைக் குறிக்கும் துளை எண் 0.14. 1064-இல் கணக்குப் போட்டால், எத்தனை மோடுகள் இடம்பெறும் என்று சொல்லும் வி எண் 3.4 வருகிறது. 2.405-ஐத் தாண்டினாலே அடுத்த மோடு குழுவான எல்.பி.11 உள்ளே வந்துவிடும். அதற்கு அடுத்த குழு வர 3.83 வேண்டும். ஆக, நமக்கு வேண்டிய இரண்டு குழுக்கள் மட்டும்!

அடிப்படை மோடிலிருந்து எல்.பி.11-க்கு ஒளியைத் தள்ள, லேசர் பக்க ஃபைபரையும் இந்த வெளியீட்டு ஃபைபரையும் சில மைக்ரான் விலக்கி ஒட்ட வேண்டும். மின்பொறியால் (ஆர்க்) ஃபைபர்களை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசர் இதற்கு நேர் எதிராக, நேராக ஒட்டவே பழக்கப்பட்ட இயந்திரம். தானியங்கிச் சீரமைப்பை அணைத்து, திரையில் விலகலைக் கையால் வைத்தாலும், ஆர்க் அடித்ததும் உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை இரண்டு ஃபைபர்களையும் மீண்டும் நேராக இழுக்கும். ஆர்க்கைக் குறைத்து, நேரத்தையும் சுருக்கினால் விலகல் நிற்கும், ஆனால் ஒட்டு பலவீனம். நிமிர்த்தினாலே முறியும். ஒவ்வொரு ஒட்டையும் உடனே காப்புக் குழாய்க்குள் போட்டுவிடுவதுதான் வழி.

அடுத்தது கிரேட்டிங், அதாவது குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும், ஃபைபருக்குள் எழுதிய கண்ணாடி. இரு மோடு ஃபைபரில் எழுதிய பிராக் கிரேட்டிங் ஒரே அலைநீளத்தைத் திருப்பாது. நீண்ட அலைப்பக்கம் அடிப்படை மோடின் உச்சி, குறுகிய பக்கம் எல்.பி.11-இன் உச்சி, இடையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் திருப்பும் உச்சி. மறுமுனைக் கிரேட்டிங்கை மெல்லச் சூடாக்கி, அதன் உச்சியைக் குறுகிய பக்கத்தோடு பொருத்தினோம். அப்போது எல்.பி.11-க்கு மட்டுமே திரும்பி வரும் வழி. தப்பிக்கும் அடிப்படை மோடு வெளியீட்டில் கலந்தால் வளையத்தின் ஒரு பக்கம் வீங்கித் தெரியும்.

பிறகு ஃபைபரை அழுத்தித் திருகும் தளவிளைவுக் கட்டுப்படுத்திகள். (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இது. கற்றை அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுபவர்களை ஆய்வகத்துக்குள் விடக் கூடாது.) திருகத் திருக கற்றையின் இரண்டு கதுப்புகள் (பிரகாசமான பகுதிகள்) விரிந்து வளையமாகின.

வளையம் வந்தாச்சு, ஆனால் எது? எல்.பி.11 என்பது ஆரத்திசை, மின்புலம் வளையத்தின் சுற்றுத் திசையில் அதிரும் தொடுதிசை, எச்.ஈ.21 என்ற மோடின் இரு வடிவங்கள் என நான்கு மோடுகளின் கூட்டம். இந்தச் சாதாரண ஃபைபரில் அவற்றின் வேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் லேசான வளைவிலேயே கலந்துவிடும். நான்குமே கேமராவுக்கு வளையம்தான்.

ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரை வைத்துச் சுழற்றினால்தான் உண்மை வெளிவரும். வளையம் இரண்டு கதுப்புகளாகப் பிளந்து, போலரைசரின் அச்சிலேயே நின்று கூடவே சுழன்றால் ஆரத்திசை. அச்சுக்குச் செங்குத்தாக நின்று கூடவே சுழன்றால் தொடுதிசை. பிளக்காமல் வளையமாகவே இருந்தால், ஆரமும் தொடுதிசையும் ஒத்திசைவின்றிக் கலந்ததாக இருக்கலாம், வட்டத் தளவிளைவு கொண்ட சுழல் கற்றையாகவும் இருக்கலாம். எங்களுக்கு அடிக்கடி வந்தது நான்காவது வகை: போலரைசரை வலப்பக்கம் திருப்பினால் கதுப்புகள் இடப்பக்கம் ஓடின. அது எச்.ஈ.21. முதல் முறை பார்ப்பவருக்குக் கேமரா படத்தைத் தலைகீழாகக் காட்டுகிறதோ என்ற சந்தேகம் வரும்.

இதற்காக மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. வெளியே, ஒளி அதிரும் திசையைத் திருப்பும் ஓர் அரை அலைத் தகட்டை வைத்தால் எச்.ஈ.21 ஆரத்திசையாகவோ தொடுதிசையாகவோ மாறும், தகட்டின் கோணம் தீர்மானிக்கும். தொடுதிசை வந்துவிட்டாலும் கவலையில்லை. அச்சுகளுக்கிடையே 45 பாகை வைத்த இரண்டு அரை அலைத் தகடுகள் அதை ஆரத்திசையாகத் திருப்பும். அதனால் கட்டுப்படுத்தியில் முழு நாளும் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு தூய மோடு நிலையாக நின்றதும் ஃபைபரை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டோம். மீதியைத் தகடுகள் பார்த்துக்கொள்கின்றன.