எந்தப் பூனை கடித்தது?

டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. "எந்தப் பூனை கடிச்சது, வீட்டுப் பூனையா, தெருப் பூனையா?" "தெரியல டாக்டர், ரெண்டும் இருந்துச்சு" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவர் பார்த்த பார்வையில், இப்படி வந்து நிற்கிற முதல் ஆள் நான் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுப் பூனை பொம்மிக்கு இரண்டரை வயது. வெளியே போகமாட்டாள், தடுப்பூசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறோம். பின்வாசல் பக்கம் அடிக்கடி வந்துபோகிற ஒரு வெள்ளைக் கடுவன் உண்டு. உப்பிய கன்னம், கிழிந்த காது, பார்த்தாலே சண்டியர் என்று தெரியும். திங்கட்கிழமை மாலை நான் கதவைத் திறந்தபோது அது வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது, பொம்மி என் காலுக்கிடையில் புகுந்து அதன்மேல் பாய்ந்துவிட்டாள். இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. கொஞ்சம் யோசிக்கிறவன் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியிருப்பான். நான் கையை விட்டேன்.

மொத்தம் மூன்று விநாடி இருக்கலாம். கடுவன் சுவரேறிப் போய்விட்டது, பொம்மி வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் பதுங்கிவிட்டாள். என் முன்கையில் நீளமாக நான்கு கீறல், ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலின் அடிமூட்டில், குண்டூசியால் குத்தியதுபோல இரண்டு புள்ளி. அதிலிருந்து ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. நான் முழுக் கவனத்தையும் கீறலுக்குக் கொடுத்தேன், புள்ளியைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு பட்ட பாடு அத்தனையும் அந்தப் புள்ளியால்தான்.

அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், எல்லாமே அரைகுறை. குழாயடியில் கையை நீட்டி அரை நிமிடம் கழுவினேன். கையில் கிடைத்த களிம்பைப் பூசினேன். விரலில் ஒட்டும் பட்டியை இறுக்கிச் சுற்றினேன். அப்புறம் பொம்மிக்கு அடிபட்டிருக்கிறதா என்று அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

செய்திருக்க வேண்டியது வேறு. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவிப் பாருங்கள், 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். நாலாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். ஆனால் இதைச் சும்மா சுத்தத்துக்காகச் சொல்லவில்லை. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் குலைத்துவிடும். அதற்குப் பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி. காயத்தைத் திறந்து விட வேண்டும், மூடிக் கட்டக்கூடாது, வீட்டில் கிடைக்கிற பொடி, எண்ணெய் எதையும் அப்பக்கூடாது. நான் ஒட்டிய பட்டி, ஊசிமுனை அளவு வாயுள்ள ஆழமான துளைக்கு மேல் மூடி போட்ட வேலைதான். பூனைப் பல் மெலிசு, கூர்மை. உள்ளே போகிற ஆழம் வெளியே தெரியாது, அது வெளியே வந்ததும் தோல் சேர்ந்துகொள்ளும், உள்ளே விட்டுவிட்டுப் போனது உள்ளேயே இருக்கும். நாய்க்கடி கிழித்துவிடுவதால் பார்த்ததும் பயந்து ஓடுகிறோம். பூனைக்கடி பயமுறுத்துவதில்லை.

இரவு இரண்டு மணிக்கு விரல் விண் விண் என்று தெறித்து எழுப்பியது. காலையில் அண்ணிதான் பார்த்தார். "என்ன தம்பி, கை இப்படிப் பொதபொதன்னு வீங்கியிருக்கு" என்றார். "பூனைதான் அண்ணி, சரியாயிடும்" என்றேன். "பூனைன்னா பல்லு இல்லையா? கிளம்பு" என்றார். இன்றுவரை அதைவிடத் தெளிவான மருத்துவ ஆலோசனையை நான் கேட்டதில்லை.

முதலில் போன இடத்தில் உதவிக்கு இருந்தவர், "பூனைதானே, ஒரு டிடி ஊசி போட்டுக்கிட்டுப் போங்க" என்றார், அதாவது டெட்டனஸ் தடுப்பூசி மட்டும். அவரைக் குறைசொல்லி என்ன, நம் பேச்சிலேயே ரேபிஸ் நோய்க்குப் பெயர் வெறிநாய்க்கடி. பெயரிலேயே நாய் இருப்பதால் பூனைக்கு அதில் பங்கில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாலூட்டி எதற்கும் ரேபிஸ் வரலாம், பூனைக்கும் வரும், கடித்தால் நமக்கும் வரும். அறிகுறி தொடங்கிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடித்ததற்கும் அறிகுறிக்கும் நடுவில் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும், அந்த இடைவெளிக்குள் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும். இதில் "பார்த்துக்கலாம்" என்பதற்கு இடமே இல்லை.

டாக்டர் உள்ளே அழைத்ததும்தான் அந்த எந்தப் பூனை விசாரணை. பொம்மிதான் கடித்தாள் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். தடுப்பூசி போட்ட, வெளியே போகாத, கண்ணெதிரே இருக்கிற பூனை. ஊசி வேண்டுமா என்று அவர் எடைபோட்டிருப்பார். சண்டை உச்சத்தில் இருக்கிற பூனைக்கு நடுவில் வருவது எசமானா எதிரியா என்று தெரியாது, அதனால் கடித்தது அவளாகவும் இருக்கலாம். ஆனால் கடுவனாகவும் இருக்கலாம் அல்லவா? தெரியாத இடத்தில் மோசமானதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். காயத்தையும் மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார்: கிழியாத தோலை நக்கினால் கழுவினால் போதும், ஊசி வேண்டாம், ரத்தம் வராத சின்னக் கீறல், லேசான பல்பட்டது என்றால் தடுப்பூசி, தோலைத் துளைத்த கடியோ ரத்தம் வந்த கீறலோ, புண்மேல் நக்கியதோ என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற, தயாராகவே இருக்கும் எதிர்ப்புப் பொருள் ஊசியும். நான் மூன்றாவது. முதல் வேலையாகக் கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னார். இத்தனை மணி நேரம் கழித்து எதற்கு என்று கேட்டேன். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும் என்றார்.

தடுப்பூசி மேல்கைத் தசையில், ஒரு எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்தினார்களே, அது பழைய வகை மருந்துக்கான கதை. இப்போது கையில்தான், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் போடக்கூடாது, அங்கே போட்டால் சரியாக வேலை செய்யாது. அப்புறம் டிடி. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். அழுக்கான, ஆழமான காயம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேலாகியிருந்தால் மறுபடி போட்டுவிடுவார்கள். எனக்கு நினைவே இல்லை, போட்டார்கள்.

இம்யூனோகுளோபுலின் அங்கே இருப்பில் இல்லை, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தடுப்பூசியை மட்டும் போட்டுக்கொண்டு, இதை அப்புறம் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போய்விடத்தான் எனக்கும் தோன்றியது. அது தப்பு. தடுப்பூசியைப் பார்த்து உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும், அதுவரை காவலுக்கு வெளியிலிருந்து ஆளை இறக்குவது மாதிரிதான் இந்த ஊசி. அதனால்தான் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகு போடுவதில்லை. அங்கே போனதும் முதலில் என்னை எடை மெஷினில் ஏற்றினார்கள். பூனைக்கடிக்கு என் எடை எதற்கு என்று நினைத்தேன். மருந்தின் அதிகபட்ச அளவை உடல் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

அந்த ஊசியைக் காயத்துக்குள்ளேயே போடுவார்கள் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். கீறல்களின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டதைத் தாங்கிக்கொண்டேன். விரல் மூட்டில் சதையே கிடையாது, ஏற்கெனவே வீங்கி இறுகிப்போய் வேறு இருந்தது, அதற்குள் மருந்தை அழுத்தும்போது தோல் வெளுத்துக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா, "அங்க பாக்காதீங்க, என்னப் பாத்துப் பேசுங்க, பூனை பேரு என்ன?" என்றார். பொம்மி என்றேன். "கடிச்சது பொம்மியா?" என்றார். மறுபடியும் அதே கேள்வி.

ரேபிஸ் பக்கம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, அன்றைக்கு என்னை உண்மையில் படுத்தியது வேறொன்று. பூனையின் வாயில் சாதாரணமாகவே குடியிருக்கிற பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா. பூனைக்கடியில் 30 முதல் 50 சதவீதம் வரை தொற்றாகிவிடும் என்கிறார்கள், அதுவும் 24 மணி நேரத்துக்குள்ளேயே வீக்கம், சிவப்பு, தெறிப்பு என்று ஆரம்பித்துவிடும். ஒரு வேடிக்கை, 1885ல் ஜோசப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ரேபிஸ் தடுப்பு மருந்து கொடுத்த லூயி பாஸ்டரின் பெயரைத்தான் இந்த பாக்டீரியாவுக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரே கையில் இரண்டு விதத்தில் அந்த மனிதர் எனக்கு வந்து சேர்ந்தார்.

விரலை மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர், கஷ்டப்பட்டு மடக்கினேன். மூட்டுக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ கிருமி போயிருந்தால் அறுவை சிகிச்சை வரை போகும், கையில் கடி என்றாலே அந்தப் பயம் உண்டு என்றார். பிறகு பேனாவை எடுத்துச் சிவந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு போச்சுன்னா, நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வாங்க." காய்ச்சல் வந்தாலோ, கையில் மேல்நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறினாலோ, விரலை நீட்டவே முடியாமல் போனாலோ இரவானாலும் கிளம்பி வரச் சொன்னார். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை எழுதினார், பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான். கையைத் தொங்கவிடாமல் தலையணை வைத்து உயர்த்தியே வைத்திருக்கச் சொன்னார். அன்றிரவு மூன்று முறை விளக்கைப் போட்டுப் பேனாக் கோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, தாண்டவில்லை. புதன்கிழமை மாலை கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா என்று ஆசை வந்தது, அண்ணி விடவில்லை.

தடுப்பூசி அட்டையில் 0, 3, 7, 14, 28 என்று எழுதியிருந்தது. சில இடங்களில் தோலுக்குள் போடுகிற முறையில் நாட்கள் வேறாக வரும், அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. நான் முதல் ஊசி போட்ட செவ்வாயை ஒன்று என்று எண்ணி வியாழனே போய் நின்றேன். அந்த நாள் பூஜ்ஜியம், ஆகவே மூன்று என்பது வெள்ளி. மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமையாக வந்ததால் பிறகு குழப்பமில்லை.

இதற்கிடையில் கடுவனைத் தேடும் வேலை. கடித்த பூனையை 10 நாள் கவனிக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாயோ பூனையோ அந்தப் பத்து நாளுக்குள் நோய் காட்டிச் செத்துவிடும். பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவுசெய்வார். ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போட்டுக் காத்திருக்கச் சொல்வதாக இதைப் புரிந்துகொள்ளக்கூடாது, ஊசி முதல் நாளே ஆரம்பித்தாக வேண்டும். நான் தினமும் பின்வாசலில் நின்று சுவரைப் பார்த்தேன். ஆறாம் நாள் ஒரு வெள்ளைப் பூனை போனது, ஆனால் காது கிழிந்திருந்ததா என்று பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது. பத்தாம் நாளும் ஒன்று வந்தது, அது பெண்பூனை மாதிரி இருந்தது. "அதேதான்னு சத்தியம் பண்ணுவீங்களா?" என்றார் டாக்டர். பண்ணமாட்டேன். ஐந்து ஊசியும் போட்டு முடித்தேன். பொம்மி பத்து நாளும் தின்று தூங்கி, நான் கட்டிலில் கையை உயர்த்தி வைத்த தலையணையையும் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் அக்குளில் நெறி கட்டியது. மறுபடி பயம். பூனைக் கீறலால் வருகிற ஒன்றுதான், பார்டோனெல்லா என்ற பாக்டீரியா, உண்ணி இல்லை, தெள்ளுப்பூச்சி வழியாகப் பூனைக்குப் பூனை பரவி அதன் நகத்தில் ஒட்டியிருக்கும், குட்டிகளிடம் அதிகம். கீறிய இடத்தில் ஒரு சின்னக் கொப்புளமும் பக்கத்து நெறியும் வந்து, பெரும்பாலும் சில வாரத்தில் தானே வடிந்துவிடும். எனக்கும் வடிந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் இதைச் சாதாரணமாக விடக்கூடாது, உடனே காட்டிவிட வேண்டும்.

தடுப்பூசி அட்டையைப் பொம்மியின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். மறுபடி கடிபட்டால் இந்த அட்டையைக் காட்டினால் 0, 3 என்று இரண்டு ஊசியோடு முடியும், காயத்துக்குள் போடுகிற அந்த ஊசி தேவைப்படாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தொலைக்கமாட்டேன். பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில் பெரிய அட்டைப் பலகை ஒன்று சாத்தி வைத்திருக்கிறது, சண்டை வந்தால் இரண்டுக்கும் நடுவில் இறக்க. போன வாரம் காது கிழிந்த ஒரு வெள்ளைக் கடுவன் வந்து அந்தப் பலகையில் நகத்தைத் தீட்டிவிட்டுப் போனது.