மருந்துச் சீட்டில் இரண்டு பெயர்

ஒன்றரை ஆண்டில் ஐந்து முறை. மாதவிடாய் முடிந்த சில நாட்களில் அந்த மீன் வாடை திரும்ப வந்துவிடும். வெள்ளைப்படுதல் நீர்த்து, சாம்பல் கலந்த நிறத்தில் இருக்கும்; அரிப்பு இருக்காது. தாம்பத்தியத்துக்குப் பிறகு வாடை கூடும். உடனே எழுந்து குளியலறைக்கு ஓடுவேன். என் கணவர் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததே எனக்குக் கூச்சத்தைக் கூட்டியது.

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சூடு. மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். அம்மா சோற்றுக் கற்றாழை என்றார். எலும்பு உருகித்தான் இப்படிப் போகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தியதில் இரண்டு மாதம் கால்சியம் மாத்திரைகூட விழுங்கினேன். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. கெடுத்தது நானாகச் செய்துகொண்டதுதான். கிருமிநாசினி கலந்த வெந்நீரால் உள்ளே வரை கழுவினேன். மருந்துக் கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, "வெள்ளைப்படுதல்" என்று முணுமுணுத்து, பூஞ்சைக்கான ஒற்றை மாத்திரையை வாங்கிவந்தேன். எனக்கு இருந்தது பூஞ்சையே இல்லை.

பிறகு பார்த்த மருத்துவர் மெட்ரோனிடசோல் என்ற ஆண்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஏழு நாளில் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. அதே மாத்திரை, அதே கதை. மூன்றாம் முறை போனபோது, "சுத்தமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே போகவில்லை.

திருச்சி தில்லைநகரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். முதன்முதலாகப் பரிசோதனை செய்தவர் அவர்தான். காகிதத்தில் தொட்டு அமிலத்தன்மை பார்த்தார், pH அளவு 4.5-க்கு மேல் இருந்தது, அதாவது அமிலத்தன்மை குறைந்திருந்தது. கண்ணாடிச் சில்லில் எடுத்த மாதிரியில் ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டதும் அதே வாடை எழுந்தது. நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். மிளகுத்தூள் தூவியதுபோல் செல்லின் ஓரமெல்லாம் பாக்டீரியா. உள்ளே காவல் இருக்கும் லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்து, கார்ட்னெரெல்லா போன்ற மற்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடுவதை பாக்டீரியல் வஜைனோசிஸ் என்கிறார்கள். "அடுத்த முறை கணவரையும் அழைத்து வாருங்கள்" என்றார்.

அன்றிரவு சொன்னதும் என் கணவர் கேட்டது: "என்னைச் சந்தேகப்படுகிறாயா?"

சந்தேகப்பட்டேன். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து திருவெறும்பூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் மனத்திலும் என்னைப் பற்றி அதே கேள்வி ஓடியிருக்கும். அடுத்த மூன்று வாரம் பட்டறையில் வேலை, சொந்தத்தில் கல்யாணம், வண்டி ரிப்பேர் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் மகளின் பேன்தான் கைகொடுத்தது. அவள் பள்ளியிலிருந்து பேன் கொண்டுவந்த சமயத்தில், "எல்லோரும் ஒரே நாளில் மருந்து தேயுங்கள், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்" என்று வீட்டையே உட்காரவைத்தவர் அவர். அதை நினைவுபடுத்தினேன். சிரிக்கவில்லை, ஆனால் சனிக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவர் அவரிடம் முதலில் சொன்னது, இதை வைத்து யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம் என்பதைத்தான். இந்தப் பாக்டீரியாக்கள் ஆண் உறுப்பின் தோலிலும் சிறுநீர்த் தாரையிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கியிருக்கும். மனைவி குணமானதும் திரும்பிப் போய்ச் சேரும். ஆணுக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகள் பலன் தரவில்லை. அதனால் ஆணுக்குச் சிகிச்சை வேண்டாம் என்றே மருத்துவர்கள் இருந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளைக் கொண்டு நடந்த ஆய்வில் மாத்திரையோடு களிம்பும் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் முடிவு வெளியானது. பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த பிரிவில் 12 வாரத்துக்குள் 63 விழுக்காட்டினருக்கு மீண்டும் வந்தது. இருவருக்கும் தந்ததில் 35 விழுக்காட்டினருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்களாம்.

என் கணவர் கணக்குக் கேட்கிற ஆள். "அப்படியும் நூற்றில் 35 பேருக்கு வந்திருக்கிறதே?" என்றார். "ஆமாம், உறுதி தர மாட்டேன்" என்றார் மருத்துவர். அந்தப் பதில்தான் அவரை இளக்கியது என்று நினைக்கிறேன்.

இருவருக்கும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலை, இரவு, ஏழு நாள். அவருக்குக் கூடுதலாக 2 விழுக்காடு கிளிண்டமைசின் களிம்பு. முன்தோலை விலக்கி, இரண்டு வேளையும் தடவ வேண்டும். ஒரே நாளில் தொடங்க வேண்டும். அந்த வாரம் தாம்பத்தியம் கூடாது, மதுவும் கூடாது. களிம்பு ஆணுறையின் ரப்பரை நலிவாக்கும் என்பதால் ஆணுறையை நம்பியும் பயனில்லை.

மருந்துக் கடைக்காரர் களிம்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது பெண்களுக்கான க்ரீம்." என் கணவரின் காது சிவந்தது. "சீட்டில் என் பெயர்தானே இருக்கிறது, கொடுங்கள்" என்றார். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவர்மேல் எனக்கு அத்தனை பிரியம் வந்த தருணங்கள் குறைவு.

களிம்பு சவரப் பெட்டிக்குள் ஒளிந்தது. மாத்திரையால் வாயில் நாள் முழுக்கச் செம்புக் காசைச் சப்புகிற ருசி. எனக்குக் குமட்டலும் இருந்தது. "இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரையா?" என்று மாமியார் கேட்டபோது, "வயிற்றில் கிருமி" என்றார் அவர். பொய்தான், ஆனால் கிருமிவரை உண்மை.

மூன்று மாதம் வாடை இல்லை. நான்காம் மாதம் பல்வலிக்கு ஆண்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு மீண்டும் வெள்ளைப்பட்டது. பதறிப்போய் இருவருமே மருத்துவரிடம் ஓடினோம். இம்முறை கெட்டித்தயிர்போல, கடும் அரிப்போடு. காகிதத்தில் அமிலத்தன்மை சரியாக இருந்தது. நிஜமாகவே பூஞ்சை. எனக்கு மட்டும் மருந்து எழுதினார்.

"எனக்கு?" என்று நாற்காலியை முன்னே இழுத்தார் என் கணவர்.

"இதற்கு வேண்டாம், உங்களுக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் வாருங்கள்" என்றார் மருத்துவர். வெளியே வந்து வண்டியை எடுக்கும்வரை, "ஒரு முறை பார்த்தாவது இருக்கலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.